ஏரோதை நீக்காத கிறிஸ்துமஸ்

தமிழ்க் கிறிஸ்தவரிடையே ‘நம்பிக்கை’ என்ற சொல் சபைக்குச் சபை பொருள் மாறுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரம் முடிவில் எண்ணிச் சொல்லும் மூன்று பண்புகளைச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ள பழைய திருப்புதல் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயர்த்திருக்க, கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்போ முதற்பண்பை நம்பிக்கை என்றும் இரண்டாவதை எதிர்நோக்கு என்றும் ஆக்கியது. பழைய வேதாகமத்தில் ஊறிய காதுக்கு ‘எதிர்நோக்கு’ சற்று முரடாகப் படலாம். எனினும் போர்க் காலத்தில் அந்த முரட்டுச் சொல்லே கூடுதலாகப் பயன்படுகிறது. ‘எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்று ஆறுதல் கூறுபவர் மனத்தில் இருப்பது ஒரு கணிப்பு. அது பலிக்கலாம், பொய்க்கவும் செய்யலாம். எதிர்நோக்கு என்பது நிகழ்காலத்தின் அறிகுறிகளைக் கூட்டிக் கழித்து வரும் கணக்கைச் சாராமல், வரவேண்டியவர் வருவார் என்று வழியைப் பார்த்து நிற்கும் நிலையைக் குறிக்கிறது. எபிரேய மொழியில் இதற்கு ஈடான ‘திக்வா’ என்ற சொல்லுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு என்பதும், வீழவிருந்த எரிகோ நகரின் மதிலில் குடியிருந்த ராகாப் தன் வீட்டுச் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றை யோசுவா நூல் அச்சொல்லாலேயே குறிக்கிறது என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

ஆண்டுதோறும் டிசம்பரில் இந்தச் சொல் அட்டைகளிலும் மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. உக்ரைனிலும் பாலஸ்தீனத்திலும் வீடுகள் இடிந்து விழும் ஆண்டுகளில் மட்டும், குண்டுவீச்சுக்கு நடுவே குழந்தை பிறப்பை எப்படிக் கொண்டாடுவது என்ற கூச்சம் எழுகிறது. அக்கூச்சத்தில் நியாயம் உண்டு என்றாலும், அதனடியில் ஒரு பிழையான எண்ணம் கிடக்கிறது: கிறிஸ்துமஸ் அடிப்படையில் அமைதிக் காலத்துக் கதை, போர் அதற்குள் வெளியிலிருந்து வந்து புகுந்த இடையூறு என்பதே அந்த எண்ணம். நற்செய்தி நூல்களைப் புரட்டிப் பார்ப்பவருக்கு நிலைமை தலைகீழாகத் தெரியும்.

லூக்கா இயேசுவின் பிறப்புக் கதையை ரோமப் பேரரசன் அகுஸ்துவின் குடிமதிப்புக் கட்டளையோடு தொடங்குகிறார். குடிமதிப்பு என்பது அக்காலத்தில் வரி விதிப்பதற்கான முன்வேலை. அதாவது, ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் குடிகளைத் தலைக்கணக்கு எடுக்கும் ஏற்பாடு. போர்களை ஒடுக்கி உலகுக்கு அமைதி கொடுத்தவன் என்று அகுஸ்துவுக்கு ரோமில் பலிபீடம் எழுப்பப்பட்டிருந்த காலத்தில், வானவர் மேய்ப்பர்களுக்கு அமைதியை அறிவித்தனர் என்று எழுதுவது அரசியல் வாடை வீசாத வாக்கியமாக இருந்திருக்க முடியாது. மத்தேயு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். ஞானிகள் ஏமாற்றிச் சென்றதை அறிந்த ஏரோது, பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆணையிடுகிறான். யோசேப்பின் குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பி ஓடுகிறது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபசு இப்படுகொலையைக் குறிப்பிடாததால் இது உண்மையில் நடந்ததா என்று ஐயுறும் ஆய்வாளர் பலர் உள்ளனர். ஏரோது தன் சொந்தப் புதல்வர்களையே கொல்வித்ததை அதே யோசேபசு எழுதியிருப்பதால், மத்தேயு வரைந்த ஆள் அடையாளம் தெரியாதவன் அல்லன்.

ஞாயிறுப் பள்ளி நாடகங்களில் ஏரோது பெரும்பாலும் ஒட்டுத் தாடியும் அட்டைக் கிரீடமுமாக வந்து உறுமிவிட்டுப் போகும் வேடிக்கைப் பாத்திரம். படுகொலைக் காட்சிக்கு முன்பே திரை விழுந்துவிடுகிறது. சிறுவர் நடிக்கும் மேடையில் அது புரிந்துகொள்ளத் தக்கதே. பெரியவர்களின் வழிபாட்டிலும் அதே இடத்தில் திரை விழுவதுதான் சிக்கல். திருவழிபாட்டு ஆண்டை வகுத்த முன்னோர்க்கு இந்த மென்மை இருக்கவில்லை. பிறப்பு விழாவுக்கு மறுநாளே, கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி ஸ்தேவானின் நினைவையும், டிசம்பர் 28-இல் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளின் நினைவையும் வைத்தார்கள். அந்நாளில் வாசிக்கப்படும் பகுதியில், பிள்ளைகளை இழந்த ராகேல் அழுகிறாள் என்றும் ஆறுதல் பெற மறுக்கிறாள் என்றும் எரேமியாவை எடுத்தாண்டு மத்தேயு எழுதுகிறார். எரேமியாவின் நூலில் அந்த அழுகைக்கு அடுத்த வரியிலேயே கடவுளின் ஆறுதல் வந்துவிடுகிறது. மத்தேயுவோ அந்த ஆறுதலை எடுத்தாளாமல், அழுகையோடு நிறுத்திக்கொள்கிறார். கிறிஸ்துமஸ் தரும் எதிர்நோக்கைப் பற்றிப் பேச விரும்புவோர் முதலில் இந்த நிறுத்தத்தின் முன் சற்று நேரம் நின்றாக வேண்டும்.

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துப் பழைய பாடல் ஒன்று இந்த நிறுத்தத்திலேயே குடியிருக்கிறது. கம்பளி வெட்டுவோரும் தையற்காரரும் சேர்ந்த தொழிற்குழுவினர் இடைக்காலத்தில் ஆண்டுதோறும் தெருவில் நடித்துவந்த நாடகத்தில், ஏரோதின் வீரர்கள் வருவதற்குச் சற்று முன்பு பெத்லகேமின் தாய்மார் மூவர் மடியிலுள்ள குழந்தைகளைத் தூங்கவைக்கப் பாடுவதாக அமைந்தது அது. ‘கவன்ட்ரி கேரல்’ என்று பெயர். தமிழ் மரபில் தாலாட்டும் ஒப்பாரியும் தனித்தனி வகைகள். ஒன்று தொட்டிலுக்கு, மற்றது பாடைக்கு. இரண்டையும் பாடுபவள் ஒருத்தியே என்பதையும், மெட்டுகள் சில சமயம் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதையும் கிராமத்துக் காதுகள் அறியும். கவன்ட்ரிப் பாடலில் அவ்விரண்டும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. குழந்தை இன்னும் உயிரோடு இருக்கிறது, தாய்க்கோ முடிவு தெரிந்துவிட்டது.

1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மானிய விமானங்கள் அலை அலையாக வந்து அதே கவன்ட்ரியைத் தாக்கின. 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புனித மிக்கேல் பேராலயம் தீக்குண்டுகளால் எரிந்து, சுற்றுச் சுவர்களும் கோபுரமும் மட்டும் எஞ்சின. கூரையிலிருந்து விழுந்த கருகிய உத்தரங்கள் இரண்டு, சிலுவை வடிவில் கிடந்ததைக் கண்டு அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினர்; கூரை மரங்களைப் பிணைத்திருந்த இடைக்கால இரும்பு ஆணிகள் மூன்றைக் கொண்டு வேறொரு சிறு சிலுவை செய்யப்பட்டது. நாற்பத்தோரு நாள் கழித்து வந்த கிறிஸ்துமஸ் அன்று, பேராலயத்தின் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹவர்ட் அந்த இடிபாடுகளிலிருந்து பி.பி.சி. வானொலி வழியாகப் பேரரசு முழுவதற்கும் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை, அது எவ்வளவு கடினமாக இருப்பினும், விலக்கிவைக்க முயல்வதாகவும், போருக்குப் பிறகு குழந்தை இயேசுவின் சாயலுள்ள கனிவான உலகைக் கட்ட உழைக்கப்போவதாகவும் அவர் சொன்னார். அந்த ஒலிபரப்பில் கவன்ட்ரி கேரலும் பாடப்பட்டது. கொலைக்கு முந்தைய கணத்தின் பாடலைக் கொலை நடந்து முடிந்த இடத்தில் நின்று பாடிய அந்தத் துணிவு, கிறிஸ்துமஸின் இடைக்காலத்து அறிவு நவீனப் போருக்கும் போதுமானதாக இருந்ததைக் காட்டுகிறது.

ஹவர்டின் சொற்கள் பிரிட்டிஷ் அரசின் போர்முறையை மாற்றின என்று சொல்வதற்கில்லை. 1943 சூலையில் ஹாம்பர்கிலும் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனிலும் நேசநாட்டு விமானங்கள் மூட்டிய தீ கவன்ட்ரியின் தீயைவிடப் பன்மடங்கு பெரியது. குடியிருப்புகள் மீது கண்மூடித்தனமாகக் குண்டு வீசுவதை எதிர்த்து 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் அவையில் எழுந்து பேசிய சிச்செஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் கடும் கண்டனத்துக்கு ஆளானார். மன்னிப்பைக் கிறிஸ்துமஸ் உரையாகக் கேட்க முடிந்த நாடு, அதையே கொள்கையாகக் கேட்க விரும்பவில்லை. பெல் அந்த உரையை ஆற்றிய நாளில், அவருடைய ஜெர்மானிய நண்பர் ஒருவர் பெர்லினில் சிறையிலிருந்தார்.

லூத்தரன் இறையியலாளரான டீட்ரிக் போன்ஹோஃபர், இட்லருக்கு எதிரான சதி வட்டத்தோடு தொடர்புடையவர்; 1943 ஏப்ரல் 5 அன்று கைதாகி, டேகல் இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் திருவருகைக் காலம் நெருங்கியது. திருவருகைக் காலம் என்பது கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலம். கிறிஸ்து முன்பு வந்ததை நினைப்பதும் மீண்டும் வருவதை எதிர்நோக்குவதும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும். தம் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில் போன்ஹோஃபர் சிறையறையையே அக்காலத்துக்கு உவமையாக்கினார்: உள்ளிருப்பவர் காத்திருக்கிறார், எதிர்நோக்குகிறார், ஏதேதோ சில்லறை வேலைகள் செய்கிறார், கதவோ பூட்டியிருக்கிறது, அது வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். சிறைக்கு அருகிலிருந்த போர்சிக் ரயில் எஞ்சின் தொழிற்சாலை வான் தாக்குதலுக்கு இலக்கானது என்பதையும், குண்டு விழும் இரவுகளில் பூட்டிய அறைகளுக்குள் கைதிகள் அலறியதை அவர் தம் சிறைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த உவமையின் முழுக் கனமும் பிடிபடும்.

அவ்வாண்டு டிசம்பரில் பெற்றோருக்கு எழுதியபோது, ஊரில் சத்திரத்தில் இடமில்லாததால் தொழுவத்தில் பிறந்த ஒருவரைப் பற்றிய செய்தி வெளியிலுள்ளவரைவிடக் கைதிக்கே நன்றாக விளங்கும் என்றும், துன்பமும் ஏழ்மையும் கையறுநிலையும் மனிதர் பார்வையில் பெறும் மதிப்பும் கடவுள் பார்வையில் பெறும் மதிப்பும் வேறு வேறு என்றும் குறிப்பிட்டார். உடன்சிறைவாசிகள் பயன்படுத்துவதற்காகச் சில செபங்களையும் எழுதிக் கொடுத்தார். அவர் நம்பிக்கைவாதத்தை அறவே வெறுத்தவர் என்று சிலர் எழுதுவது சரியன்று. கைதுக்குச் சில மாதம் முன்பு, 1942-இன் முடிவில், நெருங்கிய நண்பர்களுக்காக எழுதி, பெற்றோர் வீட்டுக் கூரைக்கடியில் ஒரு படியை ஒளித்துவைத்த கட்டுரையில், கோழைத்தனமான நம்பிக்கைவாதம் ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டே, எதிர்காலத்தை எதிரியின் கையில் விட்டுவிட மறுக்கும் மன உறுதியாக அது இருக்கும்போது இகழத்தக்கதல்ல என்று வாதிட்டார்.

டேகலின் கதவு அவருக்கு விடுதலையின் கதவாகத் திறக்கவே இல்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பியூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்கப் படை அம்முகாமை அடைய இன்னும் 14 நாள் இருந்தது. கணிப்பாக எடுத்துக்கொண்டால் அவருடைய திருவருகை உவமை பொய்த்தது. இறுதி நேரத்தில் ஜார்ஜ் பெல்லுக்குச் சொல்லுமாறு சக கைதி ஒருவரிடம் அவர் விட்டுச்சென்ற செய்தி, இதை முடிவென்று அவர் கருதவில்லை என்பதைத் தெரிவிக்கிறது. நம்பாதவருக்கு இது வெறும் பிடிவாதமாகத் தெரியலாம். அதைத் தர்க்கத்தால் மறுக்க இயலாது. ஆனால் விளைவை வைத்துத் தன்னை அளந்துகொள்ளாத ஒரு மனநிலை, கொடுங்கோலனுக்கு ஒத்துழைக்க மறுக்கும் ஆற்றலை ஒருவருக்குத் தந்தது என்பது வரலாற்றுச் செய்தி.

போன்ஹோஃபரின் அந்தச் சிறைக் கிறிஸ்துமஸுக்கு ஓராண்டு முன்பு, 1942 கிறிஸ்துமஸின்போது, ஸ்டாலின்கிராடில் சூழப்பட்டுக் கிடந்த ஜெர்மானியப் படையில் மருத்துவராகவும் அதற்கு முன்பு ஊர்ச் சபையொன்றில் போதகராகவும் இருந்த குர்ட் ராய்பர், கைப்பற்றப்பட்ட ரஷ்ய வரைபடம் ஒன்றின் பின்புறத்தில் கரியால் ஒரு படம் வரைந்தார். பெரிய போர்வை ஒன்றைத் தலையோடு போர்த்திக் குனிந்து அமர்ந்த தாய். போர்வையின் மடிப்புக்குள் அவள் முகத்தோடு முகம் சேர்த்த குழந்தை. விளிம்பில் ஒளி, வாழ்வு, அன்பு என்ற மூன்று சொற்களும், ‘கொப்பரைக்குள் கிறிஸ்துமஸ்’ என்ற குறிப்பும் உள்ளன. கொப்பரை என்பது முற்றுகைக்கு ஜெர்மானியப் படையினர் வழங்கிய பெயர். பதுங்குகுழிக்குள் நுழைந்த வீரர்கள் அந்தப் படத்தின் முன் பேச்சற்று நின்றதை ராய்பர் வீட்டுக்கு எழுதினார். படம் விமானத்தில் வெளியேறிப் பிழைத்தது. வரைந்தவர் சிறைப்பட்டு 1944 சனவரியில் சோவியத் முகாமொன்றில் இறந்தார்.

இப்படத்தை உருகிப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நேர்மை. அந்தக் காகிதம் யாருடைய நாட்டின் வரைபடம்? பதுங்குகுழியில் கலங்கி நின்றவர்கள் படையெடுத்து வந்தவர்கள். அதே குளிரில், அதே நகரின் இடிபாடுகளில், படம் வரையப்படாத ரஷ்யத் தாய்மாரும் குழந்தைகளும் இருந்தனர். ஏரோதின் படைவீரனுக்கும் கிறிஸ்துமஸ் உண்டா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு உண்டு என்றே விடை சொல்லும். ஆனால் அந்த விடை அவன் வாளைக் கழுவிவிடாது. அந்தக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஜெர்மானிய வானொலி, ஸ்டாலின்கிராட் உள்ளிட்ட போர்முனைகளை இணைப்பதாக அறிவித்து, எல்லா முனைகளிலிருந்தும் ‘அமைதியான இரவு’ பாடலை ஒலிபரப்பியது. அவ்விணைப்புகள் யாவும் நேரலையா என்ற ஐயம் இன்றும் நீடிக்கிறது. அரசுகளுக்குக் கிறிஸ்துமஸ் எப்போதுமே வசதியான பண்டிகையாக இருந்துவந்திருக்கிறது. 1914-இல் அகழிகளிலிருந்து எழுந்துவந்து எதிரிகள் கைகுலுக்கிய புகழ்பெற்ற போர்நிறுத்தம் அவர்களுக்கு வசதியாக இல்லை. அடுத்த ஆண்டே தளபதிகள் அதைத் தடுத்தனர். 2023 சனவரியில் கீழைச் சபையினரின் கிறிஸ்துமஸை ஒட்டி ரஷ்ய அதிபர் அறிவித்த 36 மணிநேரப் போர்நிறுத்தமும் களத்தில் நிலைக்கவில்லை. அதே ஆண்டு சூலையில் உக்ரைன் தன் கிறிஸ்துமஸ் விடுமுறையைச் சனவரி 7-இலிருந்து டிசம்பர் 25-க்குச் சட்டம் இயற்றி மாற்றியது. நாட்காட்டியும் ஓர் எல்லைக்கோடு ஆனது. 2024-இல் அந்த டிசம்பர் 25 அன்றே ரஷ்ய ஏவுகணைகள் உக்ரைனின் மின் நிலையங்களைத் தாக்கின.

தேவாலயச் சுவர்கள் போரைத் தடுப்பதில்லை என்பதற்குத் தமிழ் வாசகர் ஐரோப்பா வரை செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில் 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியின்போதே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். போர்நிறுத்த உடன்படிக்கை அப்போது ஏட்டளவில் நடப்பிலிருந்தது.

பெத்லகேமுக்குத் திரும்பினால், நகரின் வட எல்லையில் ராகேலின் கல்லறையென்று மதிக்கப்படும் இடம் இஸ்ரேலியப் பிரிப்புச் சுவரின் உயர்ந்த காங்கிரீட் பலகைகளால் சூழப்பட்டிருக்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து காசாவில் பல்லாயிரம் உயிர்கள் பலியானதும், மத்தேயு விட்ட இடத்திலிருந்தே ராகேலின் அழுகையைச் சுவரின் இருபுறமும் தொடரச் செய்தன. அவள் யூதர்களின் மூதன்னை. பெத்லகேம் பாலஸ்தீனத் தாய்மாரின் ஊர். அவ்வாண்டு எருசலேம் திருச்சபைத் தலைவர்கள் ஆடம்பர அலங்காரங்களைத் தவிர்க்கக் கேட்டுக்கொண்டனர். பெத்லகேமின் லூத்தரன் கிறிஸ்துமஸ் ஆலயத்தில், போதகர் முந்தர் ஐசக்கின் சபையார் வழக்கமான வைக்கோல் குடிலை விடுத்து, உடைந்த சிமென்ட் கட்டிகளைக் குவித்து, பாலஸ்தீனக் கட்டம் போட்ட துணியில் சுற்றிய குழந்தையை அதன் நடுவே கிடத்தினர். அப்படம் உலகெங்கும் பரவியபோது, வழிபாட்டுப் பொருளை அரசியலாக்கிவிட்டார்கள் என்ற முறைப்பாடும் எழுந்தது. குடிமதிப்பையும் ஏரோதையும் வைத்துத் தொடங்கிய கதையில் அரசியலைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்க என்ன இருக்கிறது என்பது விளங்கவில்லை.

காசாவின் ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருடன் திருத்தந்தை பிரான்சிஸ், 2025 ஏப்ரலில் தாம் இறக்கும்வரை ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் பேசிவந்தார். பெரிய இறையியல் எதுவும் அந்த உரையாடல்களில் இல்லை. எப்படி இருக்கிறீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற வகை விசாரிப்புகள். வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் சாப்பாட்டை விசாரிக்கும் தமிழருக்கு அக்கேள்வியின் எடையை விளக்கவேண்டியதில்லை.

இவையெல்லாம் போரின் போக்கை எவ்வளவு மாற்றின என்று கேட்பவருக்குச் சொல்லக்கூடிய விடை சிறியது. துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் மயக்க மருந்தாகவே மறுமை நம்பிக்கை பயன்படுகிறது என்ற பழைய குற்றச்சாட்டு பல சபைகளின் நடத்தைக்கு இன்றும் பொருந்துகிறது. அதற்கு எதிர்வாதம் செய்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய இறையியலாளர் யுர்கன் மோல்ட்மன். பதினேழு வயதில் ஹாம்பர்க் குண்டுவீச்சில் பக்கத்தில் நின்ற நண்பன் மடியத் தாம் மட்டும் பிழைத்து, போர்க் கைதியாக பிரிட்டிஷ் முகாம்களில் இருந்தபோது கிறிஸ்தவரானவர் அவர். 1964-இல் வெளிவந்த ‘எதிர்நோக்கின் இறையியல்’ என்ற நூலில், எதிர்நோக்கு உள்ளவர் நிகழ்காலத்தோடு சமாதானமாகப் போக முடியாதவராகிறார் என்று நிறுவினார். ஆறுதல் பெற மறுத்த ராகேலை அவருடைய வாசகர் ஒருவர் எதிர்நோக்கின் முதல் சாட்சியாகவே காணக்கூடும்: இழப்பைச் சரியென்று ஏற்க மறுப்பவரால்தான் வேறொன்றை எதிர்பார்க்க இயலும்.

ராய்பரின் படம் இன்று பெர்லினில், குண்டுவீச்சில் சிதைந்த கோபுரத்தை அப்படியே விட்டு அதன் பக்கத்தில் புதிதாகக் கட்டப்பட்ட கைசர் வில்லெம் நினைவு ஆலயத்தில் இருக்கிறது. கவன்ட்ரியின் ஆணிச் சிலுவை ஒன்று அதே ஆலயத்துக்கு அனுப்பப்பட்டது. அப்படத்தின் படிகள் கவன்ட்ரிக்கும், ஸ்டாலின்கிராட் என்று முன்பு வழங்கிய வோல்கோகிராடின் பேராலயத்துக்கும் சென்றன. கவன்ட்ரியின் பழைய பேராலயத்துக்கு இன்றுவரை கூரை போடப்படவில்லை. பலிபீடமிருந்த இடத்துச் சுவரில் ஹவர்ட் செதுக்கச் சொன்ன இரண்டே சொற்கள் உள்ளன. மன்னிக்குமாறு தந்தையை வேண்டுபவை. லூக்கா நற்செய்தியில் சிலுவையில் தொங்கும் இயேசு அதே வேண்டுதலைச் செய்யும்போது, தம்மைக் கொல்வோரைச் சுட்டும் ஒரு சொல்லும் அதில் உண்டு. ஹவர்ட் அந்தச் செயப்படுபொருளைச் செதுக்கவில்லை.